இடம் மாறிய மச்சம்

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அசையாதீங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டால் குழந்தைகூட வழி சொல்லும். இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டுடியோ, அதே முக்காலி, அதே அதட்டல். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அக்காவும் அப்படியே. தம்பிக்குக் கேமரா, அக்காவுக்கு ஒன்பது கோழிகள். கோழிக்கூடு ஸ்டுடியோவின் பின்சுவரை ஒட்டி இருந்தது.

அந்தக் கோடையில் முக்காலியில் உட்கார்ந்த யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை. கண்ணியமான ஒரு பேங்க் மேனேஜர் கழுத்தைச் சொறிந்தார். ஒரு டீச்சர் எழுந்து போய்ச் சுவரில் முதுகைத் தேய்த்தார்.

"அசையாதீங்க!"

"நான் எங்கங்க அசையிறேன்? மேல என்னமோ ஊருது!"

பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து படங்கள் திரும்பி வந்தன. ஒன்றில் தோள்பட்டை காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று திரைச்சீலையைத் துவைத்துப் போட்டார். அரிப்பு நிற்கவில்லை.

ஒரு நாள் வக்கீலம்மா ஒருவருக்கு இரண்டு படம் எடுத்தார். கன்னத்தில் கடுகளவு மச்சம். கேட்காமலே அதை அழித்துக் கொடுப்போம் என்று கம்ப்யூட்டரில் திறந்தார். இரண்டாவது படத்தில் மச்சம் மோவாயில் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மோவாயில்தான். ஃபிலிம் காலத்து உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தேடி எடுத்து முக்காலியைச் சோதித்தார். மெத்தைத் தையலுக்குள் எட்டுக் கால் மச்சங்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. முக்காலியிலிருந்து திரை, திரையிலிருந்து ஜன்னல் விரிசல், விரிசலுக்கு அந்தப் பக்கம் கோழிக்கூடு. கோழிச்செள்ளு!

"அக்கா, உன் கோழிங்க என் பிழைப்புல வாய வச்சிடுச்சு."

"என் பொண்ணுங்கள ஒண்ணும் சொல்லாத. கண்டவங்க வந்து உட்கார்ற முக்காலி உன்னுது. அங்கேருந்துதான் இதுங்களுக்கு வந்திருக்கும்."

"அப்ப கோழிக்கு இருக்குன்னு ஒத்துக்கிற?"

அக்கா கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து நாளாகப் புள்ளிக்கோழியின் கொண்டை வெளுத்துக் கிடந்தது. தினம் ஆறு முட்டை கிடைத்த இடத்தில் இரண்டுதான் கிடைத்தது. வெயில் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். கோழிகள் தூங்க ஏறும் கட்டையின் இடுக்கில் கத்தி நுனியை விட்டு இழுத்தார். நுனி சிவப்பாக வந்தது.

"ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், பகல்ல இங்க ஒளிஞ்சுக்கும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டா பாதி வைத்தியம்தான். கூட்டுக்கும் சேர்த்துப் பார்க்கணும்."

மறுநாள் கூட்டைச் சுத்தம் செய்யத் தம்பி போர்க்கோலத்தில் வந்து நின்றார். படம் எடுக்க வருபவர்களுக்கு இரவல் கொடுக்கும் கோட்டும் டையும் மாட்டி, கழுத்துவரை பித்தான் போட்டிருந்தார்.

"கோழியப் பொண்ணு பார்க்கவாடா வந்த?" என்றார் அக்கா.

பழைய வைக்கோலை அள்ளி எரித்தார்கள். கட்டைகளைக் கழற்றி, சுரண்டி, இடுக்கெல்லாம் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வெயிலில் காய வைத்தார்கள். டாக்டர் கொடுத்த மருந்தைக் கூட்டின் விரிசல்களுக்கு அடித்துவிட்டு, கோழிகளின் இறக்கைக்கு அடியிலும் வாலுக்குக் கீழும் அளவாகப் போட்டார்கள். "அசையாத!" என்று பழக்கதோஷத்தில் அதட்டினார். புள்ளிக்கோழி அவர் டையில் எச்சமிட்டது. முக்காலி மெத்தையும் நெருப்புக்குப் போனது.

மருந்தின் வீரியம் போகும்வரை முட்டையைத் தின்னக் கூடாது என்று டாக்டர் ஒரு தேதி கொடுத்திருந்தார். அக்கா தினமும் முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, துக்க வீட்டிலிருந்து வந்தவர்போல் கை கால் கழுவினார்.

ஏழாம் நாள் தம்பி நழுவப் பார்த்தார்.

"ஒண்ணுகூடக் கண்ணுல படலையே அக்கா. இன்னொரு தடவை எதுக்கு?"

"செத்தது அம்மா அப்பாடா. முட்டையில இருந்த பிள்ளைங்க இப்பத்தான் பொரிச்சு வரும். டாக்டர் சொன்னப்ப எங்க பார்த்துக்கிட்டிருந்த? வாளியத் தூக்கு."

தூக்கினார். கூடு சுவரைவிட்டு நாலடி தள்ளிப் போனது. கோழிகள் புரண்டு குளிக்க, சாம்பலும் மணலும் கலந்த தொட்டி ஒன்று வந்தது. ஒரு மாதத்தில் புள்ளிக்கோழியின் கொண்டை சிவந்தது. முக்காலிக்காரர்களும் சிலையாக உட்கார்ந்தார்கள்.

பிறகு அக்கா சந்தையிலிருந்து இரண்டு பெட்டைக் குஞ்சுகள் வாங்கி வந்தார். புதுக் கோழியை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் கூட்டில் சேர்க்கக் கூடாதாம். வீட்டில் தனி இடம் என்று இருந்தது ஸ்டுடியோவின் ஒப்பனை அறை மட்டும்தான்.

"அக்கா, அங்க ஆளுங்க தலை சீவுவாங்க!"

"சீவட்டுமே. இதுங்க என்ன சீப்பையா கேக்கப் போகுது?"

அந்த மூன்று வாரமும் சீப்போடு உள்ளே போனவர்கள், காலடியில் குஞ்சுகள் படபடத்ததும், போன வேகத்தில் வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்கள். பாஸ்போர்ட் ஆபீஸ் ஒரு படத்தைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. எல்லாருக்கும் கண் அவ்வளவு நன்றாகத் திறந்திருந்தது.