கடலோர வீட்டின் மூன்றாவது அறை

எங்கள் வீட்டில் பயணம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கோயில், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டது. இந்த மூன்றும் இல்லாமல் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறியதே கிடையாது. ஐப்பசிக் கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை போவோம். காவிரியில் முங்கி எழுந்து, மயூரநாதரைக் கும்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். அதனால், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் ஒரு சித்திரை மாதம் லீவில் வந்து, "அம்மா, நாம மூணு பேரும் இலங்கைக்குப் போறோம்" என்றபோது, நான் முதலில் கேட்டது, "எந்தக் கோயிலுக்கு?" என்பதுதான்.

"கோயிலுக்கு இல்லம்மா. அலைச்சறுக்கு விளையாட. நான் பலகையில நிப்பேன், நீயும் அப்பாவும் கரையில உக்காந்து பாருங்க. சும்மா, சந்தோஷமா இருந்துட்டு வரலாம்."

சும்மா போவது என்பது எனக்குப் புதிது. ஆனால் பிள்ளை தண்ணீரில் நிற்கிறாள் என்பது புதிதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்த வருஷங்களில் வாழைத்தண்டு ரெண்டைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் படுத்துக்கொண்டே மதகு வரைக்கும் மிதந்து போனவள் அவள். சென்னைக்குப் போனபின் கோவளத்து மீனவர்களிடம் பலகை பழகியிருக்கிறாள். ஊரில் யாருக்கும் தெரியாது. "மொதல்ல எல்லாம் விழுந்துகிட்டேதான் இருந்தேன். இப்ப நிக்கறேன். அப்பா ஒரு தடவ பாக்கணும்" என்றாள். அப்பா வரவில்லை என்றால் பயணமே வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டாள்.

பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து வீட்டைக் காட்டினாள். மூடியில் இருந்த தலைவர் படம் பாதி தேய்ந்துபோயிருந்தாலும் உள்ளே கடல் பளிச்சென்று தெரிந்தது. அறுகம்பே என்று ஊர்ப்பெயர். தென்னந்தோப்பு நடுவே மூன்று அறை வைத்த வீடு, வாசலில் நீச்சல்குளம், குளத்தைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் அலை. லக்ஸரி வில்லா என்று அதற்குப் பெயராம்.

"வீட்ட யார் பேசுறது?" என்றேன்.

"பேசுறதெல்லாம் இல்லம்மா. கம்ப்யூட்டர்லயே புக் பண்ணிக்கலாம்."

அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். என்றாலும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் மண்டபம் பேசி முடிப்பது நான்தான். பேசாமல் கொள்ளாமல் ஒரு வீட்டில் போய் எப்படிப் படுப்பது? "நம்பரப் போடு" என்றேன். போட்டாள். அந்தப் பக்கம் எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். அந்த ஊரே தமிழ் பேசுகிற ஊராம். மகளுக்கே அது தெரியாது.

"பாத்திரம் உங்களுதா, நாங்க கொண்டாரணுமா?"

"எல்லாம் இரிக்கி அக்கா. பீங்கான், கோப்பை, எல்லாம்."

"சாமி விளக்கு ஏத்த எடம்?"

"எங்க வேணுமெண்டாலும் ஏத்துங்க அக்கா. காத்துத்தான் கொஞ்சம் கூட."

"கரண்டுக்குத் தனியா வாங்குவீங்களா, சேத்தா?"

அவர் சிரித்துவிட்டார். "வெள்ளக்காரங்க ஒருத்தரும் இதக் கேக்கல்ல. ஏசிக்கு மட்டும் தனி. உங்களுக்கு அதையும் சேத்தே தாறன்."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கட்டும். பேசி முடித்தது நான்தானே.

அலை ஆடியில் நன்றாக இருக்கும் என்றாள். ஆடி வெள்ளியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் நான் வாசற்படி தாண்ட முடியாது. ஆவணியில் அலை இருக்குமா என்று கேட்டேன், இருக்கும் என்றாள். ஆவணி என்று முடிவாயிற்று. மலேசியாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கென்று எடுத்து, போகாமலே இருந்த பாஸ்போர்ட் ரெண்டும் பெட்டியில் கிடந்தன. திருச்சியில் ஏறினால் கொழும்பு, அங்கிருந்து வேன். எல்லாம் சரியாக அமைந்தது. என் வீட்டுக்காரர்தான் பாக்கி.

அவர் முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஆவணியில குறுவை பால் புடிச்சு நிக்கும். நான் ஊர்ல இல்லன்னு தெரிஞ்சா அன்னிக்கே வண்டிய வயல்ல எறக்கிடுவான்."

அவர் சொன்ன வண்டி, எரிவாயுக் குழாய் பதிக்கிற கம்பெனியின் மண் தோண்டும் வண்டி. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் நட்ட பயிருக்குள்ளேயே அதை இறக்கினார்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் வயலைத் தொடமாட்டோம் என்றுதான் மேடையில் சொன்னார்கள், வண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது. எங்கள் நிலம் வாங்கிய நிலமல்ல. என் மாமனார் பண்ணையாளாக இருந்து, கூலிக்கும் குத்தகைக்கும் நடந்த சண்டையில் அடிபட்டு, உச்சவரம்புச் சட்டத்தில் பட்டா வாங்கியது. அதை மகன்கள் இரண்டு பேருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டாவது மகன், என் கொழுந்தனார், கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் மகள் கல்யாணச் செலவு கழுத்தை நெரித்த நேரம். குழாய் அவர் வயல் முழுக்க வந்து எங்கள் வரப்போரம் நின்றது. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஏற்கெனவே ஆளுக்கு ஒரு கட்சி. தேர்தல் வந்தால் அடித்துக்கொள்வார்கள், தேர்தல் முடிந்ததும் சேர்ந்து டீ குடிப்பார்கள். குழாய் விஷயம் அப்படி முடியவில்லை.

என் மகள் முகம் வாடிப்போயிற்று. "கேன்சல் பண்ணிடவா?" என்றாள். "ரெண்டு நாள் பொறு" என்றேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பிள்ளை அலைமேல் நிற்க வேண்டும், அதை அப்பன் பார்க்க வேண்டும் என்று அம்மனிடம் எப்படிக் கேட்பது? "தாயே, இது எந்த வகையில சேருமோ நீயே பாத்துக்க" என்று முடிச்சைப் போட்டேன். திரும்பும்போதுதான் அந்த வீட்டின் மூன்றாவது அறை ஞாபகம் வந்தது. நாங்கள் இரண்டு பேருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மூன்றாவது சும்மா கிடக்கும். வாடகை ஒன்றுதான். அதற்குக் கொழுந்தனார் வீட்டை அழைத்தால் என்ன என்று தோன்றியது.

எங்கள் பக்கம் பேச்சு விட்டுப்போன வீட்டுக்குச் சும்மா போய் நிற்க முடியாது. சாவு விழ வேண்டும், இல்லையென்றால் கல்யாணத்துக்குத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். தட்டு வைத்தால் எப்பேர்ப்பட்ட பகையாளியும் "வாங்க" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணம் இல்லை. ஆனால் தட்டு என்னிடம் இருக்கிறதே.

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்து வைத்தேன். பத்திரிகை வைக்கிற இடத்தில் மகள் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த அந்த வீட்டுப் படத்தை வைத்தேன். "எங்க கெளம்பிட்ட?" என்றார் என் வீட்டுக்காரர். "தம்பி வீட்டுக்கு" என்றேன். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. நானும் மகளும்தான் போனோம்.

தட்டைக் கண்டதும் கொழுந்தனார் மனைவி, என் ஓர்ப்படி, பதறிப்போய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. புள்ளைக்கு நிச்சயம் பண்ணிட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா!"

"நிச்சயம் இல்ல. ஆவணியில இலங்கைக்குப் போறோம், கடல் பாக்க. நீங்க ரெண்டு பேரும் வரணும். ஒரு ரூம் உங்களுக்கு."

கொழுந்தனார் உள்ளேயிருந்து வந்து படத்தை எடுத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"என்னா அண்ணி இது, கடலுக்கெல்லாமா தட்டு வைப்பாங்க?"

"எங்களுக்கு அழைக்கத் தெரிஞ்சது இப்படித்தான் தம்பி."

அவர் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினார். பிறகு, "அண்ணன் வருதா?" என்றார்.

"வயல விட்டு வரமாட்டேங்குறார். நீங்க வாங்கன்னு கூப்புடத்தான் வந்தேன். ஆனா அந்தக் கவலையும் இருக்கு, மறைக்கல."

அவர் படத்தைத் தட்டிலேயே வைத்தார். "நான் வரல அண்ணி. என் வயல்ல விட்டது நான். அதுக்கு என்ன பேச்சு வேணாலும் பேசட்டும். அண்ணன் வயல்ல எவன் கால வைக்கிறான்னு நான் பாக்குறேன். அண்ணனப் போகச் சொல்லுங்க. புள்ளைக்கு அப்பன் கூட இருக்கணும்."

என் மகள் "சித்தப்பா" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, நீங்க வயலப் பாருங்க" என்றாள் என் ஓர்ப்படி. தட்டை அவள் கையில் வாங்கி வெகு நேரம் ஆகியிருந்தது. "அந்த ரூமு எனக்கு. சிங்கப்பூருக்குப் பிரசவம் பாக்கப் போன பாஸ்போர்ட்டு இருக்கு. இவங்க யாருக்கும் பிளேன்ல பெல்ட்டு போடக்கூடத் தெரியாது, ஒரு ஆள் வேணாமா?"

வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "அவனா பாத்துக்கறேன்னான்?" என்று ரெண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து, பெட்டியைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து, அதிலிருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் போனோம். காற்று ஜாஸ்திதான், விளக்கைச் சமையலறையில் ஏற்றினேன். என் ஓர்ப்படி காலையிலும் மாலையிலும் நீச்சல்குளத்தில் காலை விட்டு உட்கார்ந்து, அது கிணற்றுத் தண்ணீர்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். மறுநாள் காலையில் என் மகள் பலகையை இடுக்கிக்கொண்டு கடலில் இறங்கினாள். நீந்திப் போனாள், திரும்பினாள், பின்னால் அலை எழுந்தது. அவள் எழுந்து நின்றாள். வாழைத்தண்டில் படுத்து வந்த பிள்ளை நின்றுகொண்டு வந்தாள், கரை வரைக்கும்.

என் வீட்டுக்காரர் வேட்டி நனைய முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். திரும்பி என் ஓர்ப்படியிடம், "அவனுக்கு ஒரு போன் போடும்மா" என்றார். போட்டுக் கொடுத்தாள். குழாய் வந்து நின்றதற்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"என்னடா, மேட்டு மடை தொறந்தியா?"

"தொறந்தாச்சு." காற்று இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. "நேத்து வண்டி வந்துச்சு. திரும்பிப் போயிடுச்சு. நீ கடலப் பாரு."

"பாத்துகிட்டுதான்டா இருக்கேன்" என்றார் அவர். மகள் மறுபடி பலகையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் அடுத்த அலையில் எழுந்ததும், "நின்னுட்டாடா, நின்னுட்டா" என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.