போதை தெரியாத எலிகள்

எங்கள் ஆய்வகத்து எலிகளைப் பார்த்துக்கொண்ட மீசைக்காரர் செல்லூரிலிருந்து சைக்கிளில் வருவார். எலிகள் அனைத்தும் அவருக்கு ‘மாப்ள’தான்.

எலிகளுக்கு ஒருநாள் சாராய ஊசி, மறுநாள் உப்புநீர் ஊசி போடுவது அவர் வேலை. போதை தெரிந்தால் எலி கூண்டிலுள்ள இடது கட்டையை அழுத்த வேண்டும், தெரியாவிட்டால் வலது கட்டையை. சரியாக அழுத்தினால் பொட்டுக்கடலை கிடைக்கும். வெள்ளை வம்சம் தேறிவிட்டது, கறுப்பு வம்சம் தேறவே இல்லை. கறுப்பு எலிகளின் பங்கை இவர் குடித்துவிட்டுத் தண்ணீரை ஏற்றுகிறார் என்று பேராசிரியர் முடிவுகட்டினார். வேலை போகும் நிலை.

“நீங்களே ஊசி போட்டுப் பாருங்க தாயி” என்றார் என்னிடம்.

ஒரு வாரம் நானே போட்டேன். கறுப்பு எலிகள் தள்ளாடிக்கொண்டே போய் வலது கட்டையை அழுத்தின.

“பாத்தீகளா? எங்க வீட்டு ஆளுகளும் இதே வம்சந்தான். எம்புட்டு உள்ள போனாலும் ஒண்ணும் தெரியாது. எம் மச்சான் வெள்ள வம்சம், மூடியத் தொறந்தாலே ஆடுவான்.”

அவர் மீது தவறில்லை என்று எழுதிக்கொடுத்தேன். வேலை தப்பியது. பிறகுதான் கேட்டேன், “அண்ணே, நிஜமாவே நீங்க அதைக் குடிக்கலையா?”

“குடிச்சிருந்தா எனக்கு எப்படித் தாயி தெரியும்?”

ஆய்வேட்டின் நன்றியுரையில் அவரையும் சேர்த்தேன். எதற்காக என்று மட்டும் எழுத வரவில்லை.