பெட்டியம்மாவின் நோட்டு

முப்பதாவது வயலின் பெட்டியைத் திறந்து, வில்லின் அடியில் இருக்கும் திருகைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்துதான் இருக்கிறது என்று தெரிந்ததும் மூடுகிறார். முப்பத்தொன்று. அதுவும் சரி. முப்பத்திரண்டில் திருகு இறுகிக் கிடக்கிறது. "வந்துட்டாரு மகாராஜா, முறுக்கிட்டே படுத்துத் தூங்கியிருக்காரு" என்று வில்லிடம் சொல்லிக்கொண்டே நான்கு சுற்று தளர்த்துகிறார். வயலின் வகுப்பு முடிந்த மாலைகளில், பிள்ளைகள் வாசலைத் தாண்டிய பிறகு, இந்த வேலை முடியாமல் அவர் அறையைப் பூட்டியதில்லை. வில்லை முறுக்கியபடியே வைத்தால் மரம் வளைந்துவிடும் என்று வயலின் சார் ஒருமுறை போகிற போக்கில் சொன்னார். அவர் அதை அன்றே மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை.

பிள்ளைகள் அவரைப் பெட்டியம்மா என்கிறார்கள். அந்தத் தொடக்கப் பள்ளியில் அவருடைய வேலை பெருக்குவது, துடைப்பது, மணி அடிப்பது, விழுந்த பிள்ளைக்கு முழங்காலில் மருந்து போடுவது. இசை அறைச் சாவி மட்டும் தானாக வந்து சேர்ந்தது. முப்பத்திரண்டு குட்டி வயலின்களுக்கு யார் பொறுப்பு என்று இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தபோது, ஆசிரியர்கள் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்களாம். தேநீர் கொண்டுவந்த இவர், "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கை நீட்டினார். அன்றிலிருந்து சாவி அவர் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது.

முப்பத்திரண்டு வயலின்களின் குணமும் அவருக்கு அத்துப்படி. மூன்றாம் எண்ணுக்கு எப்போதும் சளி. பதினொன்று கோபக்காரி, கம்பியை அறுத்துக்கொண்டு முகத்தில் அடிப்பாள். இருபத்தாறு சாது, அழுமூஞ்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எந்தப் பிள்ளைக்கு எது என்று வயலின் சார் போடும் பட்டியலை, அவருக்கே தெரியாமல் இவர் மாற்றிவிடுவதுண்டு. சாரும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், இன்னொரு பள்ளியிலிருந்து தலைதெறிக்க ஓடிவரும் மனிதர் அவர். பிள்ளைகளின் பெயரே அவருக்குப் பாதிதான் தெரியும்.

மேசையின் மேல் ஒரு நீள நோட்டு உண்டு. தேதி, வயலின் எண், எடுத்தவர் பெயர், வகுப்பு என்று நாலு கட்டம். கையெழுத்துப் போடாமல் யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. யாரும் என்றால் யாரும்தான். ஒருமுறை விருந்தினர்களோடு வந்த தலைமையாசிரியை புகைப்படத்துக்காக ஒரு வயலினைக் கையில் எடுக்கப் போனபோது, நடுவே நோட்டு வந்து நின்றது. "வகுப்புன்னு இருக்கே, அதுல நான் என்னத்தம்மா எழுதுறது?" என்று கேட்டார் தலைமையாசிரியை. "வயலின் எடுத்தா எந்த வகுப்புல உக்காருவீங்களோ அத எழுதுங்க" என்று பதில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே 'ஒன்று' என்று எழுதினார். நோட்டில் அது இன்னும் இருக்கிறது.

அந்த நோட்டில் இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான், பெட்டியம்மாவின் பெயர். தூசி தட்டியிருக்கிறார், கம்பி மாற்றியிருக்கிறார், உடைந்த தாடைப் பலகையை ஒட்டியிருக்கிறார். வில்லைக் கம்பியின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்ததில்லை.

வாசிக்கத் தெரியாதவர் என்றால் அதில் அதிசயமில்லை. அவருக்குத் தெரியும் என்பதுதான் கதை.

நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், இந்தப் பள்ளியில் வயலின் திட்டம் தொடங்கிய முதல் வருடம், நான்காம் வகுப்பு ஆ பிரிவில், ஜன்னலோர பெஞ்சில் மாணவியாக அவர் இருந்தார். பிள்ளைகள் கையில் முதலில் நிஜ வயலினைக் கொடுப்பதில்லை. இன்றும் அப்படித்தான். செருப்புப் பெட்டி அட்டையும் ஒரு அடி ஸ்கேலும் சேர்த்து ஒட்டி, நாலு கம்பளி நூலை இழுத்துக் கட்டி, ஒரு குச்சியை வில்லாக வைத்து அட்டை வயலின் செய்துகொண்டு வரவேண்டும். எட்டு வாரம் அதில் நிற்கவும் பிடிக்கவும் விரல் வைக்கவும் பழகிய பிறகே மர வயலின். ஆனால் அந்த முதல் வருடம் மர வயலின்கள் வந்து சேரவில்லை. எட்டு வாரம் என்பது பதினாறு வாரம் ஆகி, ஒரு வருடமே ஆயிற்று. முப்பது பிள்ளைகள் ஒரு வருடம் முழுவதும் சத்தமே இல்லாமல் வயலின் வாசித்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு அதைப் போல நிம்மதியான வருடம் வாழ்க்கையில் இருந்திருக்காது.

அப்போதைய டீச்சர் வாயால் சுரம் பாடுவார், பிள்ளைகள் விரல் வைப்பார்கள். விரல் வைக்காமல் விடும் கம்பிக்கு டீச்சர் வைத்த பெயர் 'சும்மா'. சும்மா, சும்மா, ஒண்ணு, ரெண்டு. ரெண்டு, ஒண்ணு, சும்மா. அதுதான் முதல் பாடம். ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் வயலின்கள் வந்து இறங்கின. பெட்டிகளை அடுக்கும்போது பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு எண்ணினார்கள். திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொன்னார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வந்த வேலை மாற்றலில் இவர்கள் வீட்டுச் சாமான்கள் இன்னொரு லாரியில் ஏறிவிட்டன. போன ஊரில் பள்ளி இருந்தது, வயலின் இல்லை. அட்டை வயலின் அலமாரி மேல் கொஞ்ச நாள் இருந்து, மழையில் ஊறிப் போயிற்று.

கல்யாணமாகி, இரண்டு மகள்கள் பிறந்து, பேருந்து ஓட்டும் கணவரின் வேலை இவரை மறுபடி அதே ஊருக்குக் கொண்டுவந்தது. ஆள் தேவை என்று பள்ளி வாசலில் பலகையைப் பார்த்ததும் உள்ளே நுழைந்தவர்தான்.

விரல்கள் மட்டும் இத்தனை வருடமும் பாடத்தை விடவில்லை. துடைப்பக் கட்டையைப் பிடித்து நிற்கும்போது இடது கை விரல்கள் அதன் கழுத்தில் தாளம் போலத் தட்டிக்கொண்டே இருக்கும். பேருந்துக் கம்பியில், பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் கணவரின் தோளில், எல்லா இடத்திலும் சும்மா, சும்மா, ஒண்ணு, ரெண்டு. இரண்டு மகள்களும் கைக்குழந்தையாக இருந்தபோது முதுகில் அந்த விரல்கள் ஓடித்தான் தூங்கினார்கள். பெரியவள் இன்றைக்கும் தலைவலி என்றால் வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, "அம்மா, வயலின் போடு" என்கிறாள்.

"ஹோட்டல்ல இருபத்திரண்டு வருஷமாப் பரிமாறிட்டு, பட்டினியா வீட்டுக்கு வர்ற ஆளு நீ" என்று கணவர் கிண்டல் செய்வார். "ஒருநாள் எடுத்து வாசிச்சுத்தான் பாரேன். சாவி உங்கிட்டதானே இருக்கு."

"உள்ள ஒண்ணு கேட்டுட்டே இருக்குங்க" என்றார் பெட்டியம்மா ஒருமுறை, சோற்றை வடித்துக்கொண்டே. "அவ்வளவு நல்லா கேக்குது. வெளிய இழுத்து, அது கழுதை மாதிரி கத்துச்சுன்னா, உள்ள இருக்கறதும் போயிடுமில்ல?"

இந்த வருடம் பதினேழாம் எண் சைக்கிள் கடைக்காரர் மகளுக்குப் போயிற்று. நான்காம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் பிள்ளை. அவளுடைய அட்டை வயலினில் அப்பா கம்பளி நூலுக்குப் பதில் பிரேக் கம்பியே கட்டிக் கொடுத்திருந்தார். எட்டு வாரம் ஒருநாள் தவறாமல் நின்று பழகி, மர வயலின் கிடைத்த முதல் வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். புதிதாக வாசிக்கும் வயலின் எப்படிக் கத்தும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த வீட்டின் சனி ஞாயிறு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவள் வில்லை இழுத்தாள். சத்தமே இல்லை. ஈரத் தரையில் கால் வைத்தது போல வில் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. சார் வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடியைத் தொட்டார், விரலை முகர்ந்தார். அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"கீச்சு கீச்சுன்னு கத்துச்சுங்க சார்" என்றார் சைக்கிள் கடைக்காரர், கையைத் துணியில் துடைத்தபடி. "கீச்சுன்னா எண்ணெய்தானுங்களே போடணும்? சைக்கிளுக்குப் போடறதுகூட இல்லைங்க, நல்ல தையல் மிஷின் எண்ணெய். முடி பூரா தடவி, ராத்திரி முழுக்க ஊறவெச்சேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு."

சாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயலின் வில் கம்பியைப் பிடித்து இழுத்தால்தான் சத்தம். அந்தப் பிடிப்புக்காகத்தான் முடியில் ரோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்ப்பது. அதில் எண்ணெய் ஊறினால் முடிந்தது கதை. "மாத்து வில் ஒண்ணுகூட இல்ல. கேட்டு எழுதினா அடுத்த வருஷம்தான் வரும்" என்றார் சார். "என்ன பண்றது, பாப்பா அதுவரைக்கும் அட்டையிலயே வாசிக்கட்டும்."

பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்கவில்லை. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த பெட்டியம்மாவின் விரல்கள் கட்டையின் மேல் நின்றுபோயின. ஒரு வருடம் அட்டையில் வாசிப்பது என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் அத எங்கிட்ட விடுங்க" என்று துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"அது தேறாதும்மா."

"தேறாதுன்னா வெள்ளிக்கிழமை நீங்களே தூக்கிப் போடுங்க."

சைக்கிள் கடைக்காரர் உதவிக்கு வந்தார். "பெட்ரோல்ல ஒரு முக்கு முக்கினா எண்ணெய் பறந்துடும்ங்க." பெட்டியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஒரு தடவை வைத்தியம் பாத்தது போதும்."

முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டை எடுத்து, வில்லின் மரத்தில் படாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, முடியைப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தார். புதன்கிழமையும் அதே வேலை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முடியைச் சீவிச் சீவி, ஜன்னல் காற்றில் உலர விட்டார். வியாழக்கிழமை மதியம் பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. புது ரோசின் கட்டியை முந்நூறு தடவை தேய்த்தார்.

வியாழக்கிழமை மாலை. பிள்ளைகள் போய்விட்டார்கள். பார்வைக்கு வில் சுத்தமாக இருந்தது. ஆனால் எண்ணெய் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, இழுத்தால்தான் தெரியும். நாளைக்கு முப்பத்தொரு பிள்ளைகள் முன்னால் அந்தப் பிள்ளை வில்லை இழுத்து, மறுபடியும் ஒன்றும் கேட்காமல் போனால், சார் அதைக் குப்பையில் போட்டுவிடுவார். இன்றே தெரிந்தால் இன்னொரு முறை கழுவ ஒரு மாலை மிச்சமிருக்கிறது. இழுத்துப் பார்க்க அறையில் இருந்தவர் ஒருவர்தான்.

கதவைச் சாத்தினார். பிறகு, காற்று வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாதி திறந்தார். பதினேழாம் எண்ணைத் தோளில் வைத்தார். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அளவெடுத்தது, தாடையின் கீழ் காணாமலே போயிற்று. பயமாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்ததை ஒரு நொடியில் பறிகொடுக்கப் போகிறோம் என்ற பயம்.

இழுத்தார்.

கேட் கீல் போலத்தான் கத்தியது. கரகரவென்று, நடுவில் உடைந்து. உள்ளே கேட்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சத்தம். வில் கம்பியைப் பிடித்துவிட்டது, பிள்ளை பிழைத்துவிட்டாள். வேலை அதோடு முடிந்தது, பெட்டியை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. சும்மா, சும்மா, ஒண்ணு, ரெண்டு. ரெண்டு, ஒண்ணு, சும்மா. மூன்றாவது முறை 'ரெண்டு' வந்தபோது, அது டீச்சர் வாயால் பாடிய அதே சுரம். உள்ளே இருந்தது எங்கேயும் போய்விடவில்லை. கண்ணீர் வழிந்து வயலின் மேல் சொட்டியதும், யாரோ ஒரு பிள்ளையை அதட்டுவது போலத் தன்னையே அதட்டிக்கொண்டு முந்தானையால் மரத்தைத் துடைத்தார்.

கம்பிகளில் படிந்த ரோசின் தூளையும் துடைத்து, வில்லின் திருகை நான்கு சுற்று தளர்த்தி, பெட்டியை மூடினார். விளக்கை அணைக்கப் போன கை பாதியில் நின்றது. திரும்பி வந்து மேசையின் முன் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். தேதி எழுதினார். பதினேழு என்று எழுதினார். எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில், சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் எழுதாத தன் முழுப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் தாளைத் தொடாமல் நின்றது. பிறகு குனிந்து, கோணாமல் எழுதினார்: நான்கு, ஆ பிரிவு.