மந்திரியின் வெறும் வயிறு

எங்கள் பூனையை நான்தான் கொன்றேன். தெரிந்துகொள்ளும் ஆசையில் கொன்றேன்.

நம்புவீர்களா? கண்டி நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் நான். காலையில் கதவு திறந்ததும் வரிசையில் நிற்பவர்களிடம், "வெறும் வயித்தோடதானே வந்திருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். தேநீர் குடித்துவிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பட்டினி கிடந்த ரத்தம்தான் பொய் சொல்லாது என்பது என் தொழில் தந்த நம்பிக்கை. அதை வீட்டுக்கும் கொண்டுபோனேன்... அங்கேதான் வந்தது வினை!

பூனையின் பெயர் மந்திரி. தின்பதையும் தூங்குவதையும் தவிர ஒரு வேலையும் செய்யாததால் என் கணவர் வைத்த பெயர். அவர் தெல்தெனிய ஊருக்குப் பஸ் ஓட்டுபவர். பன்விலவில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேலை முடிந்து வந்தால் மனுசன் முதலில் தேடுவது மந்திரியைத்தான். எனக்கு அதில் பொறாமை இருந்ததா? கொஞ்சம் இருந்தது. ஆனால் நடந்ததற்கு அது காரணமில்லை என்றே நினைக்கிறேன்.

மந்திரி அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறான் என்று கண்டுபிடித்தவள் நான். பேராதனைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். யாழ்ப்பாணத்துப் பெண், பொறுமைசாலி. மந்திரி கத்திய கத்தலைத் தாங்காமல் கணவர் வெளியே போய்விட்டார். ரத்த முடிவு வந்தபோது நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன்.

ரத்தத்தில் சீனி கூடியிருந்தது!

"சீனி வருத்தம்தானே டாக்டர்?" என்றேன், நீரிழிவேதான் என்று எல்லாம் தெரிந்தவளின் மிடுக்கோடு.

"அப்பிடி உடன சொல்லேலாது. பூனை பயந்தாலே சீனி ஏறும். வீட்டில நிம்மதியா இருக்கட்டும். மூத்திரத்தைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ, உண்மையான வருத்தமெண்டா சீனி அதிலயும் தெரியும். ஒண்டு மட்டும்... சாப்பாட்டை நிப்பாட்டிப் போடாதேங்கோ. கொழுத்த பூனை பட்டினி கிடந்தா ஈரல் பழுதாப் போகும்."

மூத்திரம் கேட்டார் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். அதைப் பிடிக்க நான் மெனக்கெடவில்லை. ரத்தம் இருக்கும்போது மூத்திரம் எதற்கு?

பயந்தால் சீனி ஏறுமா! எவ்வளவு ஏறும்? எப்போது இறங்கும்? மனித ரத்தத்தையே பார்த்துச் சலித்த எனக்கு அது புது உலகம். காலமான மாமனாரின் சீனி பார்க்கும் மெஷின் அலுமாரியில் இருந்தது. கணவர் விடியற்காலையில் பஸ்ஸை எடுக்கப் போனதும், மந்திரியைத் துவாயில் சுற்றிக் காது நுனியில் குத்தினேன். கூடுதல்தான்.

சாப்பிட்டிருக்கிறானே, அதனால் இருக்குமோ? அன்று மாலையே, அவன் சாப்பிட்டாயிற்று என்று கணவரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஒளித்தேன். காலையில் குத்தினேன். இன்னும் கூடுதல்! பட்டினி போதவில்லையோ என்று அடுத்த முறை நேரத்தை நீட்டினேன். பிறகு மறுபடியும்... என் கையைக் கண்டு அவன் நடுங்குவதைப் பார்த்தேன். அந்த நடுக்கம்தான் மெஷினில் எண்ணாக வருகிறது என்பதும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஏன் நிறுத்தவில்லை? இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று ஏன் தோன்றிக்கொண்டே இருந்தது?

பிறகு தட்டை வைத்தபோதும் மந்திரி வரவில்லை. அலுமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். காதின் உட்புறம் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

வைத்தியரிடம் ஓடினோம். அவரே மூத்திரம் எடுத்துப் பார்த்தார். சீனி துளியும் இல்லை. ஈரல்தான் கெட்டிருந்தது.

"சாப்பாடு குடுக்காம விட்டனீங்களோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கணவர் பக்கத்தில் நின்றார். "இல்ல டாக்டர்... அவனாத்தான் சாப்பிடாம விட்டுட்டான்," என்றேன்.

வைத்தியர் மந்திரியின் காது நுனியைத் தடவிப் பார்த்தார். அங்கே இருந்த ஊசிப் புள்ளிகளைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்பினார்.

மந்திரி பிழைக்கவில்லை. கொய்யா மரத்தடியில் மண்ணைத் தள்ளிக்கொண்டே கணவர் சொன்னார்: "அந்த டாக்டரம்மா மொதல்லயே மருந்து குடுத்திருந்தா பொழச்சிருப்பான். மூத்திரத்தக் கொண்டான்னு நாளக் கடத்திட்டாங்க."

அந்தப் பெண் சொன்ன எச்சரிக்கையைக் கேட்டவள் நான் ஒருத்திதானே! இப்போது பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டரின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார் என் கணவர். அழுதுகொண்டே திட்டுகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது... இருந்தும் பேசாமலிருக்கிறேன்.

போன கிழமை சட்டைக்குள்ளிருந்து இன்னொரு குட்டியை எடுத்தார்.

"ஒனக்குத்தான் ரத்தத்தப் பத்தியெல்லாம் தெரியுமே. இவன நீயே பாத்துக்க. அந்தம்மாகிட்ட மட்டும் கொண்டு போயிறாத," என்று என் மடியில் வைத்தார்.

குட்டி என் விரலை நக்கியது. மெல்லிய காது. வெளிச்சத்தில் உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. இதற்குச் சீனி எவ்வளவு இருக்கும் என்று நினைத்தேன்... சத்தியமாக நினைத்தேன்!

"சரிங்க," என்றேன்.

மெஷின் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.