ஸ்டெல்லாவின் பெயரில் ஏறிய மலை

செய்தி வந்தபோது நான் என் கணவரைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாதம் வந்து அவர் படுத்த பிறகு, காலையில் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுத் திருப்பிக் கிடத்துவதுதான் என் முதல் வேலை. பாதியில் கையை எடுக்க முடியாது. போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. தலையணையை அவருக்கு அண்டக் கொடுத்துவிட்டு எடுத்தேன். பாறசாலையில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் லேபிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சாந்தா சேச்சி, நம்ம ஸ்டெல்லா சேச்சி போயி." சரி மக்கா, வாறேன் என்றேன். திரும்பி வந்து மிச்ச முதுகைத் துடைத்தேன். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவளிடம் ரத்தம் கொடுத்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். ஊசி எடுத்துக்கொண்டு வருகிற எல்லாரும் "நோவாது, நோவாது" என்பார்கள். ஸ்டெல்லா சொல்ல மாட்டாள். "இப்ப நோவும். கையை இழுக்காத இருங்க" என்பாள். சிலருக்கு அதில் கோபம். ஆனால் அடுத்த தடவை அவளைத்தான் தேடி வருவார்கள். லேபுக்கு எதிரே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது தினமும் கேட்கும். இவளுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் படுத்து ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். நான் ஒருநாள் மாத்திரையை மாற்றி எடுத்துக் கொடுக்கப் போனேன். நல்லவேளை, கொடுப்பதற்கு முன்பே கண்டுகொண்டேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்துடன் வந்து எதிரே உட்கார்ந்தாள். "நீ உறங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். "மாசத்துல ஒரு ஞாயிறு என்கூட மலைக்கு வா" என்றாள். உறக்கமில்லாதவளை மலையேறக் கூப்பிடுகிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல? "எனக்கு வீட்டுலயே வய்யா, ஒண்ணும் முடியல்ல, இதுல மலையா?" என்றேன். "வீட்டுல வய்யாத்தது வேற. மலையில வய்யாத்தது வேற. வந்து பாரு" என்றாள்.

வீட்டில் என்ன சொல்வது? அவரைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள்தான் உண்டு. காட்டாக்கடையில் இருக்கிற என் நாத்தனார் வசந்தா. அண்ணன் கிடக்கிற கிடப்பில் பெண்டாட்டிக்கு மலை காணப் போக வேண்டும் என்று அவளிடம் எந்த வாயால் கேட்பேன்? ஸ்டெல்லாவே போன் போட்டாள். "வசந்தா சேச்சி, எனக்கு குரிசுமலைக்கு ஒரு நேர்ச்சை உண்டு. தனியா ஏற பயமாக்கும். மாசத்துக்கு ஒருநாள் சாந்தாவ எனக்குத் தரணும்" என்றாள். கல்யாணம் கட்டாத, துணையில்லாத ஒருத்தி கேட்டால் வசந்தாவால் எப்படி மறுக்க முடியும்? ஸ்டெல்லாவுக்குப் பயமா? பாம்பு குறுக்கே போனால், போகட்டும் என்று வழிவிட்டு நிற்கிறவள். நான் அறிய அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் எனக்காகச் சொன்னாள்.

வெள்ளறடையில் பஸ் இறங்கிப் பத்துகாணி வழியாக ஏறுகிற மலை. முதலில் ரப்பர் தோட்டம், ஒரே நிழல், ஒரே கொசு. அது முடிந்ததும் பாறை. சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். முதல் தடவை பாறை தொடங்கிய இடத்திலேயே நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேலிருந்து இறங்கி வந்த கூட்டத்தில் ஒருவர், "இப்ப எத்தும் சேச்சி, தா, அந்த வளைவு தாண்டினா உச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். வளைவு போனது, இன்னொரு வளைவு வந்தது. அடுத்த கூட்டமும் அதையே சொன்னது. இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களுக்கு இந்தப் பொய்யைச் சொல்வது எங்கள் ஊர் மலைகளில் ஒரு மரியாதை. ஸ்டெல்லா அதை மதிக்கவில்லை. "பாதி கூட ஆகல்ல. இன்னும் கஷ்டமான இடம் வர இருக்கு. இருந்திட்டுப் போவோம்" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஏறினால் ஏற முடிந்தது.

மேலே மரங்கள் இல்லை. புல்லும் பாறையும் காற்றும்தான். வடகிழக்கே அகஸ்தியர் மலை அடுக்கடுக்காக நீலத்தில் நிற்கும். வடக்கே கள்ளிக்காட்டுப் பக்கம் நெய்யாறு அணைத் தண்ணீர் மலைகளின் இடுக்குகளில் ஒளிந்து ஒளிந்து மின்னும். பனிமூடல் இல்லாத நாளில் மேற்கே கோட்டுகாலுக்கும் அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். அன்றைக்கு நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு பாறையில் கிடந்து உறங்கிவிட்டேன். எழுந்தபோது ஸ்டெல்லா என்மேல் வெயில் விழாமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மலையேறி வந்து உறங்கின மொத ஆள் நீயாக்கும்" என்றாள்.

அந்த மலையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகடுகள். ஒன்றில் குரிசு என்று நாங்கள் சொல்கிற சிலுவை, மற்றதில் காளி. ஸ்டெல்லாவைப் போன்ற கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் அங்கே ஏறுவார்கள், நாங்கள் சித்திரையில் இங்கே ஏறிப் பொங்கலிடுவோம். அவர் வாய் திறந்து பேச வேண்டும் என்று நான் காளிக்குப் பொங்கல் நேர்ந்திருந்தேன். சித்திரைக் கூட்டத்தில் போக வாய்க்காததால் எங்கள் ஞாயிறு ஒன்றில் பானையும் அரிசியுமாகக் கிளம்பினோம். ஸ்டெல்லா விறகைச் சுமந்தாள். நல்ல மூடல், முன்னே போகிற ஆள் தெரியவில்லை. பேச்சு சுவாரசியத்தில் கால் அவளுடைய பழகின வழியிலேயே போய்விட்டது. மூடல் விலகியபோது பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் குரிசின் அடியில் நிற்கிறேன். காளி எதிர்ப்பக்க முகட்டில் இருக்கிறாள். அங்கே போவதென்றால் மறுபடி இறங்கி ஏற வேண்டும். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா எதிர் முகட்டைப் பார்த்தாள். "இஞ்ச இருந்தா காளிக்கு நேரா தெரியும். தீயப் பிடி" என்றாள். அங்கேயே மூன்று கல் கூட்டினோம். ஜெபம் சொல்ல ஏறி வந்த ஒரு குடும்பம் முதலில் திகைத்தது. பிறகு இலையில் வாங்கித் தின்றது. பொங்கலில் புகை வாடை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் எங்கே போகிறாய் என்று சர்ச்சில் அச்சன் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "குரிசுக்குப் போனேன்னு சொல்லுவேன். பொய்யில்லல்லா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

அவர் இன்றுவரை பேசவில்லை. அதற்கு நான் மூடலையும் குறை சொல்லவில்லை, ஸ்டெல்லாவையும் குறை சொல்லவில்லை.

ரத்தத்தைப் பார்த்தே பிழைத்தவளுக்கு வியாதியும் அங்கேதான் வந்தது. திருவனந்தபுரத்தில் வைத்தியம் செய்தார்கள். பார்க்கப் போன எல்லாரும் "சரியாயிரும், அடுத்த மாசம் மலைக்குப் போலாம்" என்றார்கள். அவள் அவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்தாள். முழங்கை வரை ஊசி குத்தி நீலம் பாரித்த கை. "ஒக்க பேரும் மலையிலிருந்து இறங்கி வாறவங்க மாதிரியே பேசுகாவ. நீ சொல்லு, சாந்தா. இனி ஏற முடியுமா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் வேறு எதைச் சொல்ல? "முடியாது மக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். கோபித்துக்கொண்டாளோ என்று பயந்தேன். கண்ணைத் திறந்து, "அப்ப இருந்திட்டுப் போவோம்" என்றாள். அன்று சாயங்காலம் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டெல்லாவின் நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு வசந்தாவும் என்னுடன் வந்திருந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் என் தோளில் கை வைத்தாள். "பாவம், அவளுக்குத் துணைக்குப் போயிப் போயி உனக்கும் மூட்டு தேஞ்சு போச்சு. இனி அந்த அலைச்சல் இல்ல. நானும் அந்த ஞாயிறுகளில் காட்டாக்கடையிலேயே இருந்துக்கிடலாம்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் எளிது. இத்தனை வருஷமும் ஸ்டெல்லா கூப்பிட்டாள், ஸ்டெல்லாவுக்கு ஆளில்லை, ஸ்டெல்லா விடமாட்டேன் என்கிறாள் என்று அவள் பெயரைச் சொல்லித்தான் அந்த ஒருநாளை வாங்கியிருந்தேன். அவள் போனதும் அந்த நாளும் போகப் பார்த்தது. அது இல்லாமல் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். மாத்திரையை மாற்றிக் கொடுப்பேன். ஒருநாள் அவர்மேலேயே எரிந்து விழுவேன்.

எனக்கு நல்ல அலுப்பு. சண்டை பிடிக்கத் தெம்பில்லை. தெம்பில்லாததால்தானோ என்னவோ, சுற்றி வளைக்காமல் வாயில் வந்துவிட்டது.

"வசந்தா, அவளுக்குத் துணைக்குன்னு நான் ஒருநாளும் போகல்ல. எனக்குப் போகணும்னுதான் போனேன். இனியும் போவேன். நீ வரணும்."

வசந்தா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நெய்யாற்றின்கரை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கப் போகும்போது, "தனியாவா ஏறுவ?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "பயம் இல்லியா?"

"உண்டு" என்றேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். வசந்தா வந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லாமல் வீட்டிலிருந்து இறங்கினேன்.