போகிற குருவியைக் கூப்பிடக் கூடாது

ஆனிச் சாரலில் நனைந்தபடி பள்ளிக்கூடத்துப் பியூன் மாடசாமி விடிந்ததும் வந்து கதவைத் தட்டினார். "ஜெபமணி டீச்சர் தவறிட்டாவ டீச்சர். தூக்கத்திலயே உயிர் போயிருக்கு" என்றார். முந்தின நாள் சாயங்காலம்தான் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "சும்மா உளறாதேயும்" என்று மாடசாமியிடம் எரிந்து விழுந்தேன்.

தென்காசியில் அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கெல்லாம் அவருடைய பிரம்பு ஞாபகமிருக்கும். அவர் குருவி பார்ப்பார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பங்குனி பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும், அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த என்னையும் இழுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் குற்றாலம் போய்விடுவார். குளிருக்கு ஒதுங்கி வந்த வாலாட்டிக் குருவிகள் வடக்கே திரும்பும் நேரம் அது. அருவி நூலாக ஒழுகும். ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து பழைய பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொள்வார். டீக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னத்தெ பாக்கிய டீச்சர்?"

"குருவி."

"அது உங்க வீட்டு ஓட்டுலயே இருக்குமில்லா. இதுக்கா பஸ் ஏறி வாரிய?"

"ஓட்டுல இருக்கது எங்கயும் போவாது அண்ணாச்சி. போயிட்டுத் திரும்பி வாரதைத்தான் நான் பாக்கணும்."

அப்படித் திரும்பி வருவதில் ஒன்று நொண்டி. வருஷாவருஷம் புரட்டாசியில் அதே பாறைக்கு வந்து சேரும். ஒரு பங்குனிக் காலையில் அது மரங்களுக்கு மேலே எழும்பி வடக்கே திரும்பியது. "ஏய் நொண்டி, நில்லு" என்று கத்திவிட்டேன். டீச்சர் என் வாயைப் பொத்திய வேகத்தில் உதடு கிழிந்துவிட்டது.

"போறதைப் பின்னால கூப்பிடாதட்டி" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் புறப்பட்ட தம்பி தெருமுனையை எட்டியபோது, மறந்து வைத்துவிட்ட துண்டைக் கொடுக்க இவர் "ஏலே சாமுவேலு" என்று கூப்பிட்டாராம். அவன் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனான். அதோடு சரி. கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. "போற பிள்ளையைக் கூப்பிட்டுட்டியே பாவி" என்று அம்மா சாகும்வரை சொன்னாராம்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க கூப்பிட்டதுலயா செத்தான்? குண்டு பட்டுல்லா செத்திருப்பான்" என்றேன்.

"செத்தான்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

அந்தப் புரட்டாசியில் நொண்டி வரவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கணக்கு டீச்சருக்கு இப்படியொரு மூடநம்பிக்கையா என்று கேலி செய்த நான், அதற்கப்புறம் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை.

கடைசியாகப் பார்த்த அன்று, அவர் வீட்டுப் படியிறங்கித் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன். பின்னாலிருந்து சத்தம் கேட்டது. "ஏட்டி கோமதி." டீச்சர்தான் கூப்பிட்டார். திரும்பிப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. திரும்புதியான்னு பாத்தேன். போ."

எனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று அன்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன். விடிந்ததும் மாடசாமி வந்தார். கூப்பிட்டவர் போய்விட்டார், நான் இருக்கிறேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் குரல் மட்டும்தான். தெருவில் நடக்கும்போது இப்போதும் பின்னாலிருந்து கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.