ஆள் பெயர் இல்லாத வாக்கியங்கள்

ட்யூஷன் டீச்சர்களுக்குச் சம்பாத்தியம் கொஞ்சம், சந்தேகம் நிறைய. அதிலும் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் நடத்துகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் ஆங்கிலம் எடுக்கிறேன். பாஸிவ் வாய்ஸ் என்றால் என்ன? 'ராமு கண்ணாடியை உடைத்தான்' என்பதை 'கண்ணாடி உடைக்கப்பட்டது' என்று மாற்றிப்போட்டு, ராமுவைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவது. இதையே நடத்தி நடத்தி, யார் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒளிந்திருக்கிற ராமுவைத் தேடுகிற புத்தி எனக்கு வந்துவிட்டது. உங்களில் யாராவது டீச்சராக இருந்தால் இந்த அவஸ்தை புரியும்.

கழன்று விழுந்த குமிழ்

ஒருநாள் நான் காபி எடுக்க அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் கழன்று தரையில் கிடந்தது. "யாரு வேலை இது?" என்றேன். மொத்த கிளாஸும் மேலே ஃபேனைப் பார்த்தது. முன்வரிசை திவ்யா மட்டும் எழுந்து, "தி ரெகுலேட்டர் வாஸ் ப்ரோக்கன், மிஸ்" என்றாள்.

இலக்கணம் சுத்தம். "கடைசியில 'பை' போட்டு ஆள் பேரைச் சொல்லு" என்றேன். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று முந்தின நாள் நானே நடத்தியிருந்தேன். அதை எனக்கே ஒப்பித்தாள். கள்ளி, தெரிந்தே மறைக்கிறாள். முறைத்துப் பார்த்தேன், அசரவே இல்லை. "தெரியாட்டி விடலாம்னீங்க மிஸ். தெரிஞ்சா விடக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லியே?"

லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ்

அடுத்த வாரம் லிஃப்டுக்குள் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ். 'இட் ஹேஸ் பீன் டிசைடட்' என்று ஆரம்பித்தது. அடுத்த மாதத்திலிருந்து ஃப்ளாட்டுகளில் ட்யூஷன் அனுமதிக்கப்பட மாட்டாது என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறதாம். எங்கள் பில்டிங்கில் ட்யூஷன் எடுப்பது நான் ஒருத்திதான். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் இத்தனை பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன்? பாதியில் விட்டால் எந்த அம்மா அப்பா என்னை மறுபடி நம்புவார்கள்?

நோட்டீஸின் கீழே கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. முழுக்க முழுக்க பாஸிவ் வாய்ஸ். நேரே வாட்ச்மேன் முனுசாமியிடம் போய், இதை ஒட்டக் கொடுத்தது யார் என்று கேட்டேன். கேட்ட தோரணை கொஞ்சம் போலீஸ் தோரணைதான். மனுஷன் மிரண்டுபோனார். "ஒட்டச் சொன்னாங்க, ஒட்னேன். அதுக்கு என்னை இன்னாத்துக்குமா மொறைக்கிறீங்க?"

செக்ரட்டரி சாரின் பதில்

அசோசியேஷன் செக்ரட்டரி மூன்றாவது மாடி. பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசினார். விஷயத்துக்கு மட்டும் வரவில்லை. கம்ப்ளெயின்ட் கொடுத்தது யார் என்றேன். "வந்தது" என்றார். யாரிடமிருந்து என்றேன். "பேசப்பட்டது" என்றார்.

என்னிடமேவா? "சார், முடிவு எடுத்தது யாருன்னு ஒரே ஒரு பேர் சொல்லுங்க, நான் போயிடறேன்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "மேடம், முடிவு எடுக்கப்பட்டுச்சு. ஆனா யாரும் எடுக்கல."

எல்லாரும் ராமு

அப்புறம் எனக்குத் தூக்கம் போனது. மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அம்மா சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் செருப்பு தடுக்கி ஒருமுறை முணுமுணுத்த எதிர்வீட்டுக்காரர்மேல் எனக்கு முக்கால்வாசி நிச்சயம். அவர் லிஃப்டில் ஏறினால் நான் படியில் இறங்கினேன்.

பக்கத்து ஃப்ளாட் அமுதா அக்கா ஒருத்தியிடம்தான் மனம்விட்டுப் பேசினேன். அவர் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டில் கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சாம்பார் கிண்ணம் போய்வந்துகொண்டே இருக்கும். என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். "யாரோ சொல்லியிருக்காங்க, விடு சுதா."

பார்க்கிங்கில் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். நான் எழுந்தேன். "என்னால தொந்தரவுன்னு சொன்னவங்க கையைத் தூக்குங்க. யாரும் தூக்கலைன்னா நான் கிளாஸை நிறுத்த மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டேன். ஒரு கையும் எழவில்லை. எதிர்வீட்டுக்காரரை வெற்றிப் பார்வை பார்த்துக்கொண்டே உட்காரப் போனேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து ஒரு கை எழுந்தது. அமுதா அக்கா. எங்கள் ஹாலுக்கும் அவர்கள் படுக்கை அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிவிட்டு அக்கா வீட்டுக்காரர் வந்து படுக்கிற நேரத்தில்தான் என் பிள்ளைகள் 'ரைட் - ரோட் - ரிட்டன், ஈட் - ஏட் - ஈட்டன்' என்று தொண்டை கிழியக் கோரஸ் பாடுவார்கள். நான்தான் சத்தமாகச் சொல்லச் சொல்லுவேன், சத்தமாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று.

"போன மாசம் பள்ளிக்கரணைகிட்ட கண்ணு அசந்து வண்டியை மீடியன்ல ஏத்திட்டாரு சுதா" என்றார் அக்கா. "கடவுள் புண்ணியம், ஆளுக்கு ஒண்ணும் ஆகல." எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. தினம் கிண்ணம் கொடுக்கிற கை, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதையும் கேட்டுவிட்டேன். அக்கா தூக்கிய கையை இறக்கவே இல்லை. "நான்தான் சொன்னேன். உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல."

தடை போய், காலை கிளாஸ் இப்போது சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. லிஃப்டில் எந்த நோட்டீஸைப் பார்த்தாலும் எழுதியது யார் என்ற சந்தேகம் எனக்கு இன்னமும் வருகிறது, ஆனால் இப்போதெல்லாம் முதலில் என் வீட்டுச் சுவரில்தான் காதை வைத்துப் பார்க்கிறேன்.